கிருபையும் ஆறுதலும்: சித்தூர் – திருப்பதி எல்லைப்பகுதியில் இரு சொற்களின் வரலாறு

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு வரலாற்றை ஆராய்ந்தோர் பெரும்பாலும் தரங்கம்பாடி, வேப்பேரி, தஞ்சை, திருநெல்வேலி ஆகிய இடங்களையே களமாகக் கொண்டுள்ளனர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் சித்தூர்ப் பகுதி அவ்வளவாகக் கருதப்படவில்லை. துன்பத்தில் உழலும் கிறித்தவர் இறைவனிடம் பெறும் ஆறுதலை எச்சொற்களால் உணர்த்துகின்றனர், அச்சொற்கள் எவ்வாறு வந்தன என்பதை இப்பகுதியை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூர் 1911 வரை வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக விளங்கியது. அவ்வாண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. மொழிவழி மாநிலப் பிரிவினைக்குப் பின் எல்லைச் சீரமைப்பினால் 1960-இல் திருத்தணி தமிழகத்தில் சேர்ந்தது. சித்தூர் ஆந்திரத்தில் நின்றது. திருப்பதி 2022-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. சமய நிறுவனங்கள் இவ்வரசியல் எல்லைகளுக்கு முற்பட்டவை. 1853-இல் அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையினர் நிறுவிய ஆர்க்காடு மிஷன் இரு மொழிகளிலும் பணியாற்றியது. திருப்பதி, காளத்தி, நாயுடுபேட்டை வட்டாரத்தில் செருமானிய எர்மன்சுபர்க்கு மிஷனார் 1860-களின் நடுப்பகுதி முதல் தெலுங்கில் உழைத்தனர். முதல் உலகப் போரின் விளைவாகச் செருமானியர் வெளியேற நேர்ந்தது. அமெரிக்க லூத்தரன் சபையார் அப்பணியை ஏற்றனர். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லூத்தரன் திருச்சபை இதன் வழிவந்ததே.

இனிச் சொற்களுக்கு வருவோம். கிரேக்க மூலத்தில் 'காரிசு' எனும் சொல்லுக்கு 1871-இல் முழுமையாக வெளிவந்த தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு 'கிருபை' என்பதையே ஆள்கிறது. எபிரெய மூலத்தில் 'கேன்' (தயவு), 'கெசெத்' (உடன்படிக்கையில் வழுவாத அன்பு) எனும் இரு வேறு சொற்கள் உள்ளன. அவற்றுக்கும் பல இடங்களில் கிருபையே வருகிறது. 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களிலும் 'கெசெத்' எனும் சொல் மீள்கிறது. தமிழில் 26 முறையும் கிருபை. தெலுங்கு விவிலியமும் அவ்விடத்தில் 'கிருப' என்றே கொள்கிறது. மூலத்தில் மூன்றாக இருந்தவை இரு திராவிட மொழிகளிலும் ஒன்றாயின. இது பொருள்வேறுபாட்டின் இழப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் பழைய ஏற்பாட்டின் புலம்பல்களையும் பவுலின் நிருபங்களையும் ஒரே சொல்லால் இணைத்து வாசிக்கும் வாய்ப்பு எளிய வாசகனுக்குக் கிடைத்தது. மொழிபெயர்ப்பியலார் இழப்பை மட்டும் கணக்கிடும் வழக்கம் உடையவர். இவ்வரவையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கிருபை வடசொல், அதன் அடிப்பொருள் இரங்கத்தக்கவன்பால் எழும் இரக்கம். 'அருள்' தமிழ்ச்சொல். வள்ளுவர் அருளை அன்பின் குழந்தையாக உருவகிக்கிறார். சைவ சித்தாந்தத்தில் திருவருள் நிலைபெற்ற கலைச்சொல். சமயச் சாயல் மிகுந்தது என்பதனால் சீர்திருத்த சபையினர் அருளைத் தவிர்த்திருக்கலாம் எனக் கருத இடமுண்டு. ஆனால் கிருபையும் சமயச் சாயல் அற்ற சொல்லன்று. வைணவ மணிப்பிரவாள உரைமரபில் 'நிர்ஹேதுக கிருபை', அதாவது காரணம் வேண்டாத கிருபை, தென்கலையாரின் உயிர்நிலைக் கொள்கை. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்வதா, தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதா எனும் புகழ்பெற்ற வாதம் இதனைப் பற்றியதே. செருமானிய அறிஞர் உருடோல்பு ஓட்டோ இந்திய அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930-இல் நூல் எழுதியதற்கும் இம்மரபே தூண்டுதல். திருமலையின் அடிவாரத்தில் 'கிருப' என்று தெலுங்கில் போதித்த லூத்தரனார், தாம் அறிந்தோ அறியாமலோ, மலைமேல் நெடுங்காலம் வழங்கிய சொல்லையே எடுத்தாண்டனர்.

இலக்கண நிலையிலும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஆதியாகமம் 6-ஆம் அதிகாரத்தில் நோவா கிருபையைக் 'கண்டடைந்தான்' என்பது எபிரெயத் தொடரின் அமைப்பு. அங்கு நோவா எழுவாய். தமிழ் ஐக்கிய மொழிபெயர்ப்பு நோவாவை நான்காம் வேற்றுமையில் வைத்துக் 'கிடைத்தது' என முடிக்கிறது. தெலுங்கோ 'பொந்து' (பெறு) எனும் வினையால் நோவாவை எழுவாயாகவே நிறுத்துகிறது. பசி, துயரம், ஆறுதல் ஆகியவற்றை 'எனக்கு' என்று தொடங்கிக் கூறும் தமிழ் வாக்கிய இயல்புக்கு நான்காம் வேற்றுமை இசைவானது. துன்புறுவோன் இங்குச் செய்வோன் அல்லன், பெறுவோனே. இவ்வமைப்பு தெலுங்கிலும் உண்டு. ஆயினும் அம்மொழிபெயர்ப்பாளர் அதனைத் தேரவில்லை.

'ஆறுதல்' எனும் சொல்லும் இத்தகையதே. சூடு தணிதல், புண் காய்தல் ஆகிய பொருள்களில் வழங்கும் 'ஆறு' எனும் வினையின் வழிவந்தது இது. தெலுங்கிலும் இவ்வினை உண்டு. ஆனால் தெலுங்கு விவிலியத்தில் இவ்விடத்து வழங்குவது 'ஆதரண' எனும் வடசொல். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தைத் தமிழர் புண் ஆறுவதாகக் கேட்கின்றனர். தெலுங்கர் ஒருவர் தாங்கிப்பிடிப்பதாகக் கேட்கின்றனர். யோவான் 14-இல் வரும் பரிசுத்த ஆவியானவரின் பெயர் தமிழில் 'தேற்றரவாளன்', தெலுங்கில் 'ஆதரணகர்த்த'. 1995-இல் திண்டிவனத்திலிருந்து வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 'துணையாளர்' என மாற்றியபோது, பொருளளவில் தெலுங்கை நெருங்கிவந்தது எனலாம்.

இச்சொற்களைக் கையாண்டோர் துன்பம் அறியாதவர் அல்லர். தமிழ்ப் பழைய ஏற்பாட்டைப் பெயர்த்த பப்ரிசியுசு தம் இறுதி ஆண்டுகளில் கடனுக்காகச் சிறைப்பட்டு 1791-இல் மறைந்தார். நூல் முழுமையாக அச்சேறியது 1796-இல். தெலுங்கு விவிலியத் திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கிய மருத்துவர் சேக்கபு சேம்பர்லேன் 1863-இல் நிசாம் ஆட்சிப்பகுதியில் மேற்கொண்ட நெடும்பயணத்தில் காட்டுக் காய்ச்சலுக்கு ஆளானார். அது வாழ்நாள் முழுதும் மீண்டும் மீண்டும் வருத்தியது; 1908-இல் மதனப்பள்ளியில் காலமானார். தம் உடலில் தைத்த முள்ளை நீக்குமாறு பவுல் மும்முறை வேண்டியும் முள் நீங்காமல், கிருபையே போதுமென விடை பெற்ற பகுதியை இத்தகையோர் வெறும் சொல்லாராய்ச்சியாகப் படித்திருக்க இயலாது.

மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1912-இல் பல மிஷன்கள் கூடித் தோற்றுவித்த காசநோய் மருத்துவமனையின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1940-களில் மருந்து வரும்வரை ஓய்வும் உணவும் நற்காற்றுமே பெரும் சிகிச்சை. நோயாளர் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தனர். 'வரம்' என்பது நம் புராணங்களில் தவத்தினால் ஈட்டப்படுவது. உரோமர் 6-ஆம் அதிகாரத்தில் 'சம்பளம்' எனும் சொல்லுக்கு எதிராக நிற்கும் 'கிருபைவரம்' எனும் தொகைச்சொல், வரத்திலிருந்து அவ்வீட்டத்தைக் களைகிறது. தமிழ் மொழிபெயர்ப்பின் மிக நுண்ணிய ஆக்கங்களுள் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

1995-இன் திருவிவிலியம் கிருபையை விடுத்து, காரிசுக்கு 'அருள்' என்றும் கெசெத்துக்குப் 'பேரன்பு' என்றும் பிரித்தது. கத்தோலிக்கர் முன்னர் வழங்கிய 'பிரியதத்தம்', 'இஷ்டப்பிரசாதம்' ஆகியவற்றின் இடத்திலும் அருளே அமர்ந்தது. மொழியியல் அடிப்படையில் இப்பிரிப்பு முற்றிலும் சரியானது. தமிழகத்து வாசகனுக்குத் தெளிவும் தருவது. சித்தூர்த் தமிழரின் நிலை வேறு. அவர்கள் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் கற்றவர்கள். இரு மொழிக்கும் பொதுவாய் நின்ற சொல் கிருபை. அதனை நீக்கினால் பக்கத்து வீட்டாருடன் சேர்ந்து வேண்டும் சொல் ஒன்று குறைகிறது. 1820-களில் புதிய திருத்தத்தை எதிர்த்த தஞ்சை வேதநாயக சாத்திரியாரின் பிடிவாதத்தை நான் ஒருகாலத்தில் பழமைப்பற்று என்றே எண்ணியிருந்தேன்; இன்று அவ்வாறு எண்ணவில்லை.

சித்தூரில் களஆய்வின்போது, மகனை இழந்த முதிய அம்மையார் ஒருவரிடம் இரு மொழிபெயர்ப்புகளிலும் 136-ஆம் சங்கீதத்தைப் படித்துக் காட்டினேன். 'பேரன்பு' நன்றாகப் புரிகிறது என்றார். பின்னர்த் தம் தெலுங்கு மருமகளை அழைத்து, கண்ணை மூடி வேண்டத் தொடங்கினார். தமிழில் தொடங்கித் தெலுங்கில் தொடர்ந்த அவ்வேண்டுதலில் மாறாது நின்ற சொல் கிருபை ஒன்றே.