அடுத்த வீட்டுக் கணினியில் என்னென்ன வேண்டும்?

வருங்கால வீட்டுக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் ஆர்வலர்கள் வேகத்தையும் விளையாட்டையும் முதலில் சொல்வார்கள். என்னுடைய பட்டியல் வேறு இடத்தில் தொடங்குகிறது. எங்கள் வீடுகளில் கணினிக்குள் கிடப்பது காணி உறுதியின் பிரதி, காணாமல் ஆக்கப்பட்டவரின் ஒரே படம், இறந்துபோன அம்மாவின் குரல். அவை அழிந்தால் மறுபடி எடுக்க முடியாது.

குறைந்த மின்சாரம்

1990இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். 2022இல் நாடு முழுவதும் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மேசைக் கணினிகள் பல 100 வாற்றுக்கு மேல் இழுக்கின்றன. 2020இல் வெளிவந்த ராஸ்பெரி பை 400இல் விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கணினியும் இருக்கிறது. அதற்கு 15 வாற்று மின்வழங்கி போதும். சிறிய திரையோடு 30 வாற்று என்று வைத்துக்கொண்டால், சிறிய யூபிஎஸ்களில் வரும் 12 வோல்ற், 7 அம்பியர்-மணி பற்றரி புதிதாக இருக்கும்போது ஒன்றரை மணி நேரமாவது தாங்கும். சூரியப் படலில் நிரப்பிய 12 வோல்ற் பற்றரியில் நேரடியாக ஓடும் கணினிதான் எனக்கு வேண்டும்.

திருத்தக்கூடிய உடல்

ராஸ்பெரி பை 400இன் நினைவகத்தைக் கூட்ட முடியாது. அது பலகையோடு ஒட்டப்பட்டது. பல மெல்லிய மடிக்கணினிகளும் அப்படித்தான். 2021இல் வந்த ஃபிரேம்வேர்க் மடிக்கணினியில் நினைவகம், பற்றரி, திரை எல்லாவற்றையும் ஒரு திருப்புளியால் கழற்றி மாற்றலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பெப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். உதிரிப்பாகம் கிடைத்தால் கிளிநொச்சியில் இருக்கும் பெடியன் ஒருவனும் திருத்திவிடுவான்.

பிழை கண்டுபிடிக்கும் சேமிப்பு

ஒருமுறை பழைய வன்தட்டிலிருந்து படங்களைப் பிரதி எடுத்தேன். ஒரு குடும்பப் படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிட்டது. எப்போது கெட்டது என்று கணினி சொல்லவேயில்லை. சேர்வர்களில் உள்ள ஈசிசி நினைவகம் 64 பிற்றுக்கு 8 சரிபார்ப்புப் பிற்றுகளைச் சேர்த்து, ஒரு பிற்று புரண்டால் தானே திருத்தும். இசட்எஃப்எஸ், பிற்றிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைக்கின்றன. இரண்டாவது பிரதி இருந்தால் கெட்டதை அதிலிருந்து மீட்கும். இவை வீட்டுக் கணினியிலும் வழக்கமாக வேண்டும்.

தமிழ் தெரிந்த மென்பொருள்

எங்களுடைய பழைய ஆவணங்கள் ஏராளமானவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். திறக்கும்போதே அதை அடையாளம் கண்டு யூனிகோட்டுக்கு மாற்றும் வசதி இயங்குதளத்திலேயே வேண்டும். 2022இல் வெளியான விஸ்பர் மென்பொருள் இணையம் இல்லாமலே பேச்சை எழுத்தாக்கும். தமிழும் அதில் உண்டு. வன்னியிலும் மட்டக்களப்பிலும் எங்கள் மூத்தவர்கள் பேசுகிற தமிழைப் பிழையின்றி எழுத அது இன்னும் பழக வேண்டும். சாட்சியம் சொல்பவரின் குரல் வேற்று நாட்டு சேர்வருக்குப் போகாமல் வீட்டிலேயே எழுத்தாவது முக்கியம்.

பூட்டு

கணினி பிறர் கைக்குப் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி முழு வன்தட்டும் மறைகுறியாக்கப்பட வேண்டும். லினக்ஸ் நிறுவும்போது இந்த வசதியைத் தெரிவு செய்யலாம். கடவுச்சொல்லைத் தொலைத்தால் உங்களுக்கும் திறக்காது. அதை எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

அதுவரை

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினியை எறிய வேண்டாம். லினக்ஸ் போட்டால் பெரும்பாலும் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள்: இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில். வெளிநாட்டில் சகோதரம் இருந்தால் அங்கேயும் ஒன்று இருக்கட்டும். உறுதியையும் படத்தையும் இன்றிரவே பிரதி எடுங்கள். நல்ல கணினி வரும்வரை அவை காத்திருக்கமாட்டா.