எந்த மேத்தா? - சிவகாசி வழக்கும் அடிக்குறிப்பும்

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் கடைசிப் பக்கத்தில் தவறாமல் சேர்க்கும் ஒரு வரி உண்டு: "எம்.சி.மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு". சிலர் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆண்டும் இருக்காது, பக்க எண்ணும் இருக்காது. இதில் என்ன பெரிய தப்பு என்று தோன்றலாம். தப்பு பெரியதுதான். ஏனென்றால் அந்தப் பெயரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றல்ல, இரண்டு!

கங்கை வழக்கு, தாஜ்மகால் வழக்கு என்று பல பொதுநல வழக்குகளை நடத்திய வழக்கறிஞர் மேத்தா, சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் குழந்தைகள் வேலை செய்வதை எதிர்த்து 1986-ல் ரிட் மனு போட்டார். மனு எண் 465. முதல் தீர்ப்பு 1990 அக்டோபர் 31-ல் வந்தது. நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ராவும் எம்.எச்.கனியாவும். 14 வயதுக்குக் குறைந்த குழந்தைகளைத் தொழிற்சாலையிலோ ஆபத்தான வேலையிலோ வைக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. அதை எடுத்துச் சொன்ன அதே தீர்ப்பு, தீப்பெட்டி தயாராகும் இடத்திலிருந்து தள்ளி, பெட்டி அடுக்கிக் கட்டும் வேலையில் குழந்தைகளை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது அவர்களுக்குத் தர வேண்டும், தொழிலாளர் எல்லோருக்கும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு வேண்டும் என்றது. சுருக்கமாகச் சொன்னால், கூலியைக் கூட்டியது, பாதுகாப்பைக் கேட்டது, ஆனால் கதவை முழுதாக மூடவில்லை.

பிறகு சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலை விபத்து. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானே அதைக் கையில் எடுத்தது. வழக்கறிஞர் குழு ஒன்று நேரில் போய்ப் பார்த்து, 1991 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. இரண்டாவது தீர்ப்பு 1996 டிசம்பர் 10-ல் வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார் மூவர். இதன் தொனியே வேறு. சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். அந்தப் பணத்தின் வருமானம் குழந்தையின் படிப்புக்காகக் குடும்பத்துக்குப் போகும். இது சிவகாசிக்கு மட்டுமல்ல, நாடு முழுவதற்கும்.

இப்போது பாருங்கள். "குழந்தைகள் பெட்டி கட்டலாம் என்று மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது" என்று ஒருவர் எழுதுகிறார். "மேத்தா வழக்கில் முதலாளிகளை 20,000 கட்டச் சொன்னது" என்று இன்னொருவர் எழுதுகிறார். இரண்டும் உண்மை. அடிக்குறிப்பில் ஆண்டு இல்லாவிட்டால் படிக்கிறவருக்கு இரண்டில் ஒருவர் பொய் சொல்வதாகத்தான் படும். வழக்கின் பெயர் ஒன்று. மனு எண்ணைப் போட்டால் பிரித்துவிடலாமே என்றால் அதுவும் ஒன்றே, 1986-ன் 465!

பிரித்துக் காட்டுவது தீர்ப்புத் தொகுதிகளின் குறியீடுதான். முதலாவது (1991) 1 எஸ்.சி.சி. 283. இரண்டாவது (1996) 6 எஸ்.சி.சி. 756. படிக்கும் விதம் எளிது: ஆண்டு, தொகுதி எண், தொகுப்பின் பெயர், தொடங்கும் பக்கம். ஆனால் அடைப்புக்குள் இருக்கும் ஆண்டு, தொகுதி அச்சான ஆண்டு. தீர்ப்பு சொன்ன ஆண்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் 1990-ல் சொன்ன தீர்ப்பு 1991 என்று நிற்கிறது. ஏ.ஐ.ஆர். தொகுப்பில் தேடினால் முதலாவது 1991 எஸ்.சி. 417, இரண்டாவது 1997 எஸ்.சி. 699. ஆக இரண்டு தீர்ப்புக்கு 1990, 1991, 1996, 1997 என்று நான்கு ஆண்டுகள் உலவுகின்றன. கவனமில்லாமல் தொகுத்தால் ஒரே நூற்பட்டியலில் மேத்தா 1996, மேத்தா 1997 என்று ஒரே தீர்ப்பு இரண்டு முறை ஏறிவிடும்.

பெயரும் ஆண்டும் அடைப்புக்குள் போடும் வழக்கம் விலங்கியலிலிருந்து வந்தது. ஹார்வர்டில் எட்வர்ட் மார்க் என்ற பேராசிரியர் 1881-ல் ஓடில்லாத நத்தையின் முட்டை பற்றி எழுதிய கட்டுரையில்தான் அது முதலில் வந்ததாகச் சொல்வார்கள். ஹார்வர்ட் முறை என்ற பெயர் அப்படி வந்ததுதான். நத்தைக்கு அது பொருந்தியது. நீதிமன்றத்துக்குப் பொருந்தவில்லை, ஏனென்றால் மேத்தா தீர்ப்பை எழுதியவரே இல்லை, மனு போட்டவர். ஆகவே ஏ.பி.ஏ. முறை கேட்கும் இதழிலும் தீர்ப்புக்குத் தனி விதி இருக்கிறது: வழக்கின் முழுப்பெயர், தொகுப்புக் குறியீடு, தீர்ப்பளித்த ஆண்டு. உச்ச நீதிமன்றமே 2023-ல் எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொதுக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஆண்டு, ஐ.என்.எஸ்.சி., வரிசை எண், அவ்வளவுதான்.

இதழ்க் கட்டுரைகளில் இந்தத் தலைவலி குறைவு. சிவகாசி பற்றி அதிகம் எடுத்தாளப்பட்ட கட்டுரைகளில் ஒன்று ஸ்மிது கோத்தாரி எழுதியது. அந்தத் தீக்குச்சிகளில் இரத்தம் இருக்கிறது என்ற பொருளில் தலைப்பு. எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி, தொகுதி 18, இதழ் 27, 2 ஜூலை 1983. இவ்வளவு இருந்தால் எந்த நூலகத்திலும் கண்டுபிடித்துவிடலாம்.

பழைய அரசு ஆவணங்களுக்குப் போனால் வேறு ஒரு குழப்பம், ஊர்ப்பெயர். 1899 ஜூன் 6-ல் சிவகாசியில் நடந்த கலவரத்தின் கோப்புகளை விருதுநகர் மாவட்டம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. அப்போது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-ல் இராமநாதபுரம் மாவட்டம் வந்தது. 1985-ல் அது பிரிந்தபோது காமராஜர் மாவட்டம். மேத்தாவின் முதல் தீர்ப்பிலும் அந்தப் பெயர்தான். 1997-ல்தான் விருதுநகர் மாவட்டம் என்று ஆனது. விருதுநகர் ஊரே 1923 வரை விருதுபட்டி! அடிக்குறிப்பில் ஆவணத்தில் உள்ள பெயரை அப்படியே போட்டு, இன்றைய பெயரைப் பகர அடைப்புக்குள் சேர்ப்பது வழக்கம்.

கடைசியாக அந்தக் "குட்டி ஜப்பான்". நேரு சிவகாசியை அப்படி அழைத்தார் என்று எழுதாத கட்டுரை குறைவு. எந்தக் கூட்டத்தில், எந்தத் தேதியில் என்று அடிக்குறிப்பு போட்ட கட்டுரை அதைவிடக் குறைவு. ஒரு கட்டுரையை இன்னொன்று காட்டும், அதை மற்றொன்று காட்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஆய்விதழ்கள் கேட்பது ஒன்றுதான்: நேருவின் பேச்சை மேற்கோள் காட்டாதே, நீ படித்த அந்தக் கட்டுரையின் பெயரைப் போடு, "வழி எடுத்தாளப்பட்டது" என்று பக்கத்தில் எழுது.