தூளிக்குக் கீழே ஒரு ரஜாய்

குளிர் என்பது மேலிருந்துதான் வரும் என்று நாற்பத்து நாலு வயசு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவன் நான். போன நவம்பரில் தனௌல்டி தேவதாருக் காட்டில் ஒரே ராத்திரியில் அந்த நம்பிக்கை காலி.

டேராடூன் கிளைக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஆபீஸ் இளவட்டங்கள் மலைக்குப் போகும்போதெல்லாம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். இந்த முறை கூடாரம் கிடையாது, ஹேமக். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி ஏறிப் படுத்துவிட வேண்டியது. "அட, நம்ம ஊர் தூளிடா இது!" என்று குஷியாக ஏறிப் படுத்தேன். மேலே இரண்டு கம்பளி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லா சகிதம். பதினோரு மணிக்கு முதுகு சில்லிட்டது. ஒரு மணிக்குப் பல் தந்தி அடித்தது. இரண்டு மணி வாக்கில் நடுக்கம் நின்றுபோய், ஒரு மாதிரி சுகமாகத் தூக்கம் வந்தது. பக்கத்து மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கடன் பிரிவுப் பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், உட்டியே, உட்டியே" என்று உலுக்கி இறக்கி, தீ மூட்டி உட்கார வைத்தான். குளிரில் நடுக்கம் நிற்பது நல்ல சேதி இல்லை, உடம்பு கணக்கை முடிக்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம். அது அப்புறம்தான் தெரிந்தது. தங்கமணியிடம் இன்றுவரை "லேசாக் குளிர்" என்பதோடு நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நிற்க. ஊருக்குத் திரும்பியதும் எங்கே தப்புப் பண்ணினோம் என்று தேட ஆரம்பித்தேன். வங்கிக்காரன் புத்தி, கணக்கு இடித்தால் பழைய பேரேட்டைப் புரட்டாமல் தூக்கம் வராது. புரட்டினால் விஷயம் ஐநூறு வருஷத்துக்கு முன்னால் போய் நிற்கிறது.

ஹேமக் என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் டைனோ மக்களுடையது. 1492-ல் கொலம்பஸ் பஹாமாஸில் இறங்கியபோது பருத்தி நூலில் பின்னிய வலைகளில் அவர்கள் தூங்குவதைப் பார்த்துக் குறித்து வைத்தார். வெப்பமான ஊர், கீழே காற்று போனால் சுகம், பாம்பு பூச்சி பயம் இல்லை. ஆனால் அங்கேயும் பின்னிரவில் குளிரும். அதற்கு அந்த ஜனங்கள் கண்ட வழி நெருப்பு. 1550-களில் பிரேசில் கரையோரம் துப்பினம்பா மக்களிடம் கைதியாக மாட்டி, உயிர் தப்பி ஊர் திரும்பிய ஹான்ஸ் ஸ்டேடன் என்ற ஜெர்மானியர் 1557-ல் எழுதிய புத்தகத்தில், தொங்கும் படுக்கையையும் ராத்திரி முழுக்க அதன் பக்கத்தில் எரியும் தீயையும் விவரித்திருக்கிறார். அதாவது குளிர் எங்கேயிருந்து வருகிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பி.காம். படித்த எனக்குத்தான் தெரியவில்லை.

கப்பலுக்குள் தீ மூட்ட முடியுமா? ஆங்கிலேயக் கடற்படை 1597-ல் தொங்கு படுக்கைக்குக் கான்வாஸ் துணி வாங்க அனுமதி கொடுத்தது. பிற்காலத்தில் போர்க்கப்பலில் ஒரு மாலுமிக்கு ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். நம் அன்ரிசர்வ்ட் பெட்டி தேவலை. அந்த மாலுமிகள் கான்வாஸுக்குள் ஒரு மெல்லிய மெத்தையைப் போட்டு அதன் மேல் படுத்தார்கள். காலையில் எல்லாவற்றையும் இறுகச் சுருட்டிக் கப்பல் விளிம்பில் அடுக்கினால், சண்டையில் துப்பாக்கிக் குண்டுக்கும் மரச் சிராய்க்கும் அதுவே தடுப்பு. செத்துப்போனால் அதே கான்வாஸில் வைத்துத் தைத்துக் கடலில் விடுவார்கள். ஒரு துணிக்கு எத்தனை உத்தியோகம் பாருங்கள்.

சரி, இறகு விஷயத்துக்கு வருவோம். வடக்குக் கடலோரங்களில் ஐடர் என்று ஒரு வாத்து. பெண் வாத்து தன் மார்பிலிருந்து மெல்லிய தூவியைப் பிடுங்கிக் கூட்டுக்கு மெத்தை போடும். ஐஸ்லாந்துக்காரர்கள் வாத்தைக் கொல்லாமல் கூட்டிலிருந்து அதைச் சேகரிப்பார்கள். ஒரு கிலோ சேர அறுபது கூடு போலத் தேவை. தூவிக்கு நடுக்காம்பு கிடையாது. பூ மாதிரி விரிந்து, தன்னுள் காற்றைச் சிறைபிடித்து வைக்கும். அசையாத அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கிறது, தூவி வெறும் காவல்காரன். காவல்காரனை நசுக்கினால் கைதி ஓடிவிடுவான். தனௌல்டியில் என் முதுகுக்குக் கீழே நடந்தது அதுவே. ஸ்வெட்டர் முதுகுக்கடியில் அப்பளமாகிவிட்டது, துணிக்கு அடியில் மலைக்காற்று தாராளமாகப் போய் வந்தது.

ரொம்ப காலம் ஐரோப்பியக் கட்டிலில் சுகமாகக் கிடந்த இந்தத் தூவியை மலை உச்சிக்கு மாட்டிக்கொண்டு போனவர் ஜார்ஜ் ஃபிஞ்ச். ஆஸ்திரேலியாவில் பிறந்து, ஜூரிச்சில் வேதியியல் படித்தவர். 1922 எவரெஸ்ட் பயணத்துக்கு மற்ற வெள்ளைக்கார கனவான்கள் கம்பளியும் ட்வீடும் மாட்டிக்கொண்டு கிளம்ப, இவர் மட்டும் பலூன் துணியில் ஐடர் தூவி அடைத்துத் தானே வடிவமைத்த கோட்டோடு வந்தார். சிரித்தார்கள். மலையில் குளிர் ஏற ஏறச் சிரிப்பு பொறாமையாக மாறியதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், பாவம், அதையாவது எழுதிக்கொள்ளட்டும்.

அந்த மே மாதம் முதலில் ஏறிய மல்லோரி குழுவில் குளிர் கடித்து மோர்ஸ்ஹெட் விரல் நுனிகளை இழந்தார். அவர் எங்கள் டேராடூனில் தலைமையகம் இருக்கிற சர்வே ஆஃப் இந்தியாவின் அதிகாரி. அடுத்து ஃபிஞ்ச், மலையேற்றமே புதிதான ஜெஃப்ரி புரூஸ், தேஜ்பீர் என்ற கூர்க்கா வீரர் மூவரும் சுமார் 7,770 மீட்டரில் புயலில் மாட்டினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் கீழ் முகாமிலிருந்து சுமைக்காரர்கள் தாங்களாகவே சூடான பானத்தை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டு அந்தக் காற்றில் ஏறி வந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பெரிய ஆள் அவர்கள்தான். அப்புறமும் மூவரும் ராத்திரி விறைத்துக்கொண்டுதான் கிடந்தார்கள். ஃபிஞ்ச் ஆக்சிஜன் குழாயைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் சுவாசிக்கச் சொன்ன பிறகே உடம்பில் சூடு பரவியது. கோட்டோ ரஜாயோ சூட்டை உண்டாக்காது. நாம் உண்டாக்குவதைக் காப்பாற்றும், அவ்வளவே. பேலன்ஸ் இல்லாத கணக்குக்கு வட்டி எப்படி வரும்? மே 27-ல் ஃபிஞ்ச்சும் புரூஸும் தொட்ட 8,320 மீட்டர் அன்றைக்கு உலக சாதனை.

1924 பயணத்தில் அவருக்கு இடமில்லை! சொற்பொழிவுக் காசு தகராறு, "நம்ம ஆள் இல்லை" என்ற எண்ணம், எல்லாம் சேர்ந்தது. பிரமோஷன் பட்டியலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இதே ஃபிஞ்ச் பிற்பாடு 1952 முதல் 1957 வரை நம் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்தார் என்பது படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஊரில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் நான், யாரும் சொல்லவில்லை.

அமெரிக்காவில் எடி பாயர் என்ற சியாட்டில் கடைக்காரர் 1930-களில் குளிர்கால மீன்பிடிப்பில் நனைந்த கம்பளியோடு உறைந்துபோகப் பார்த்தார். தப்பி வந்து, தூவி இடம் மாறி ஒரு பக்கம் குவியாதபடி கட்டம் கட்டமாகத் தைத்த ஜாக்கெட் செய்தார், 1940-ல் காப்புரிமை. 1990-களில் ரே ஜார்டின் என்ற நெடுநடைக்காரர், ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பாகம் நசுங்கிச் சும்மா கிடக்கிறது, அதை எதற்குச் சுமக்க வேண்டும், மேலே மட்டும் ஒரு ரஜாயை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஹேமக்காரர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். ரஜாயைத் துணிக்கு வெளியே, அடியில் தொங்கவிட்டால் யார் நசுக்குவது? கடையில் அது யானை விலை. ஆகவே வியட்நாம் போர்க்கால ராணுவப் போர்வை, கடையில் மலிவாகக் கிடைத்த தூவிப் போர்வை என்று கிடைத்ததை எல்லாம் வெட்டித் தைத்தார்கள்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. மச்சினி நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த தூவிப் போர்வை, தாம்பரம் வீட்டுப் பரணில் ஆறு வருஷம் தூங்கிவிட்டு எங்களோடு டேராடூன் வந்திருந்தது. பல்டன் பஜாரில் ஒரு மாஸ்டர்ஜியிடம் எடுத்துப் போனேன். அகலத்தில் ஒரு அடி குறைக்க வேண்டும். முதலில் இரண்டு வரிசை நெருக்கமாகத் தைத்து, நடுவில் வெட்ட வேண்டும் என்பது முறை. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கத்தரி போட்டுவிட்டார். கடை முழுக்கப் பனிப்பொழிவு. பக்கத்து ரஜாய்க் கடையில் பஞ்சு அடித்துக்கொண்டிருந்த பெரியவர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தப்பு என்னுடையது, கூலி கூடவே கொடுத்தேன்.

மிச்சம் சுலபம். நீளவாட்டு ஓரம் இரண்டையும் மடித்துத் தைத்து, பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி கயிறு நுழைத்து, இரண்டு முனையிலும் எலாஸ்டிக் கயிறு. இழுத்துக் கட்டினால் தூவி நசுங்கும், தளர்ந்தால் இடைவெளியில் காற்று புகும். முதுகை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். கூடத்து ஜன்னல் கம்பிகளில் கட்டி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். தையல் விழுந்த கோடுகளில் தூவி இல்லாததால் அங்கே மட்டும் குளிர் கோடு போடுகிறது. அதற்கு வெளியே மெல்லிய நைலான் துணி ஒன்று. நனைந்தால் தூவி களியாகிவிடும், ஆகவே மேலே தார்ப்பாய் கட்டாயம்.

ஜனவரியில் மறுபடி தனௌல்டி, அதே மரம். விடிகாலை தெர்மாமீட்டரில் ஒரு டிகிரி. ஐந்தரைக்குக் கடன் பிரிவுப் பையன் டார்ச் அடித்தபோது நான் குறட்டையில் இருந்தேனாம்.

மச்சினி மார்ச்சில் வருகிறாள். போன ஞாயிறு போனில், "அக்கா, அந்தப் போர்வை இப்பவாவது உபயோகம் ஆகுதா?" என்று கேட்டாளாம். தங்கமணி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.