குடிசன மதிப்பும் கிராம எல்லைகளும்

2024 டிசெம்பர் 19ஆம் திகதியை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்பட்ட குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின்படி இந்நாட்டின் சனத்தொகை 2 கோடி 17 இலட்சத்தைத் தாண்டியுள்ளது. இந்த எண் வெளியானதும் எந்த மாவட்டம் வளர்ந்தது, எது தேய்ந்தது, எந்தச் சமூகம் எத்தனை வீதம் என்ற விவாதங்கள் வழமைபோல் எழுந்தன. அந்த மக்களை எந்த எல்லைக் கோடுகளுக்குள் வைத்து எண்ணினார்கள் என்ற கேள்வியை எழுப்பியோர் மிகச் சிலரே. எமது வாசகர்களுக்கு, குறிப்பாக வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் தமிழ், முஸ்லிம் மக்களுக்கு, இந்த இரண்டாவது கேள்வி முதலாவதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது எமது கருத்தாகும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1981ஆம் ஆண்டின் தொகைமதிப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இரண்டையும் அருகருகே வைத்துக் கழித்துப் பார்ப்பவர் யாழ்ப்பாணம் இரண்டரை இலட்சம் மக்களை இழந்துவிட்டது என்று கூறிவிடலாம். மேடைகளில் அவ்வாறு கூறப்படுவதும் உண்டு. ஆனால் 1981இல் யாழ்ப்பாண மாவட்டம் என்று அழைக்கப்பட்ட நிலப்பரப்பில் இன்றைய கிளிநொச்சி மாவட்டமும் அடங்கியிருந்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 2012இல் கிளிநொச்சியில் எண்ணப்பட்ட 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரையும் சேர்த்துக்கொண்டால் குறைவு ஏறத்தாழ 1 இலட்சத்து 33 ஆயிரமாகிறது. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் ஏற்படுத்திய இழப்பு பாரியதே, அதில் ஐயமில்லை. எனினும் முதலாவது கணக்கில் ஏறக்குறைய அரைப்பங்கு, எவரும் இறக்காமலும் எவரும் வெளியேறாமலும் வரைபடத்தில் விழுந்த ஒரு கோட்டினால் உண்டானதாகும். 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை பிரிக்கப்பட்டதை அறியாமல் 1953ஆம் ஆண்டு எண்களையும் 1963ஆம் ஆண்டு எண்களையும் ஒப்பிடுவோருக்கும் இதே தவறு நேர்கிறது.

மாவட்ட மட்டத்தில் இத்தகைய பிழையை எவரேனும் சுட்டிக்காட்டிவிடுவர். கிராம மட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பது அரிது.

இலங்கையில் ஆட்சி நிருவாகத்தின் மிகச் சிறிய அலகு கிராம சேவகர் பிரிவாகும். கிராம உத்தியோகத்தர் என்று உத்தியோகபூர்வமாகப் பெயர் மாறிய பின்னரும் மக்கள் கிராம சேவகர் என்றே அழைக்கின்றனர். எமது கிராமங்களின் முதியோருக்கு அவர் இன்றும் விதானையார்தான். நாடு முழுவதும் இவ்வாறான பிரிவுகள் 14,000க்குச் சற்று அதிகமாக உள்ளன. யாழ்ப்பாண மாவட்டத்தில் மாத்திரம் 435. யாழ்ப்பாணத்தவர்கள் தமது விண்ணப்பப் படிவங்களில் ‘ஜே’ என்ற எழுத்துடன் எழுதும் இலக்கம் இந்தப் பிரிவின் இலக்கமே. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2012ஆம் ஆண்டு மதிப்பின் இன, மத, வயது விபரங்களை இந்தப் பிரிவுகள் வரை இறங்கி வெளியிட்டது. அது பாராட்டத்தக்க பணியாகும்.

ஆயினும் அட்டவணையில் ஒரு பிரிவின் பெயருக்கு எதிரே ஓர் எண் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பிரிவு எந்த ஒழுங்கையில் தொடங்கி எந்த வாய்க்காலில் முடிகிறது என்பதை ஒரு கணினி விளங்கிக்கொள்ளும் வடிவில் தரும் தரவும் தேவை. எல்லைத் தரவு என்று நாம் கூறுவது அதனையே. நிலத்தைச் சுற்றிச் செல்லும் கோட்டின் ஒவ்வொரு திருப்பத்திற்கும் அகலாங்கு, நெட்டாங்கு குறிக்கப்பட்டு, அந்த நிலத்துண்டுக்கு மாறாத குறியீட்டு எண் ஒன்று வழங்கப்பட்டிருக்கும். அட்டவணையிலும் அதே குறியீட்டு எண் இருந்தால் இரண்டையும் பிணைத்து, எங்கே வறுமை செறிந்துள்ளது, எந்தப் பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வரக்கூடும், ஆறு பெருக்கெடுத்தால் எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்பவற்றை வரைபடத்தில் காணலாம். பெயரை மட்டும் நம்பினால் இது கைகூடாது. ஒரே ஊரின் பெயர் சிங்களத்தில் ஒரு விதமாகவும், தமிழில் வேறு விதமாகவும், ஆங்கிலத்தில் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களிலும் எழுதப்படும் நாடு இது.

இங்கேதான் சிக்கல் உள்ளது. எண்கள் ஒரு திணைக்களத்திடம் உள்ளன. கோடுகள் 1800ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நில அளவைத் திணைக்களத்திடம் உள்ளன. பிரிவுகளைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரமுடைய அமைச்சு மூன்றாவது தரப்பு. 2012க்குப் பின்னர் பிரிக்கப்பட்ட ஒரு பிரிவின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட விரும்பும் ஒரு பல்கலைக்கழக மாணவர் இந்த மூன்று வாசல்களையும் தட்ட வேண்டியுள்ளது. எமது கிராமங்களின் எல்லைக் கோடுகளைத் தேடுவோர் பலர் இறுதியில் சென்றடைவது ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான அலுவல்கள் ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் தரவுத்தளத்தையே என்பது எமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

மலையகத்தைப் பார்ப்போம். 2012 இல் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா 2 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அதே ஆண்டில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர். நீண்டகாலக் கோரிக்கையின் பயனாக மலையகத்தில் பின்னர் நோர்வூட், தலவாக்கலை உள்ளிட்ட புதிய பிரதேச செயலகங்கள் அமைக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் பழைய அம்பகமுவவின் எண்ணை இன்றைய அம்பகமுவவின் எண்ணோடு ஒப்பிடுபவருக்குத் தோட்ட மக்கள் திடீரெனக் காணாமற்போனது போன்ற தோற்றமே கிடைக்கும். மேலும் தோட்டம் என்பதற்கு 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் 10க்குக் குறையாத வதியும் தொழிலாளர்களும் இருக்கவேண்டும் என்பது தொகைமதிப்பின் வரைவிலக்கணமாகும். காணிகள் துண்டாடப்படும்போது அதே லயத்தில் வாழும் குடும்பம் ஒரு மதிப்பில் தோட்டத் துறையிலும் அடுத்த மதிப்பில் கிராமத் துறையிலும் எண்ணப்படலாம்.

நகரம் என்ற சொல்லும் இவ்வாறானதே. மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வருவது மாத்திரமே நகரமாகக் கொள்ளப்படுகிறது; பிரதேச சபைக்குள் வருவன யாவும் கிராமம். எனவே 2012ஆம் ஆண்டின் புள்ளிவிபரத்தில் கரைச்சிப் பிரதேச சபைக்குட்பட்ட கிளிநொச்சி நகரம் கிராமமே. ஏ-9 வீதியில் அந்த நகரைக் கடந்து செல்லும் எவரும் இதை நம்பமாட்டார்.

வரலாற்றின் இடைவெளி இன்னொரு புறம். 2001ஆம் ஆண்டின் தொகைமதிப்பு 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நடந்தது. ஆதலால் வடக்கிற்கு 1981க்கும் 2012க்கும் இடையில் 31 ஆண்டுகள் முழுமையான கணக்கே இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் இந்த இடைவெளிக்குள் அகப்பட்டவர்கள். 2012இல் வழமையாக வசிக்கும் இடத்தை வைத்தே மக்கள் எண்ணப்பட்டமையால் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்தவர்கள் அங்கேயே கணக்கில் சேர்ந்தனர். விதி சரியானதே. ஆனால் முசலியில் வீடும் பாடசாலையும் கேட்டுச் செல்பவரிடம், உங்கள் பிரிவில் இத்தனை பேர்தானே உள்ளனர் என்று அதே எண் திருப்பிக் காட்டப்படுகிறது. 2004 ஆழிப்பேரலையின் பின்னர் வடக்கு, கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் என்று அரசாங்கம் கோடு கிழித்தபோதும் இதே நிலைதான். கரையோரப் பிரிவுகளின் எல்லை அந்தக் கோட்டோடு பொருந்தவில்லை. மருதமுனை, காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் கோட்டுக்குள் எத்தனை குடும்பம் என்பதைப் பிரிவின் எண்ணைக் கொண்டு கூறமுடியவில்லை.

எல்லைகள் அரசியலாகும் இடம் தேர்தல் வட்டாரம். ஓர் ஊரில் அடுத்தடுத்து அமைந்த நான்கு கிராம சேவகர் பிரிவுகளில் ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் ஆயிரம் குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கையும் ஒரே வட்டாரமாக்கினால் ஓர் உறுப்பினர் நிச்சயம். இரண்டிரண்டாகப் பிரித்து அயலிலுள்ள பெரிய பிரிவுகளோடு சேர்த்தால் ஒருவரும் இல்லை. மக்கள் அதே மக்கள்; வீடுகள் அதே வீடுகள். 2012ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த வட்டார முறையில் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது இதன் பொருளைப் பலர் முதன்முறையாக உணர்ந்தனர். மாகாண சபைகளுக்கான எல்லை நிர்ணயம் முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையிலான குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுவில் இருந்த புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் தொடர்பில் உடன்படாது தனி அறிக்கை சமர்ப்பித்தார். 2018 ஓகஸ்ட் 24இல் பாராளுமன்றம் அறிக்கையை 139 வாக்குகளால் நிராகரித்தது. ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. அதே மாதத்தில் பேராசிரியர் காலமானார். அந்த விவாதத்தில் கலந்துகொண்ட அரசியல்வாதிகளுள் எத்தனை பேர் கிராம மட்ட எண்களையும் கோடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருப்பர் என்பது எமக்கு ஐயமே.

கல்முனை இன்னும் கடினமான விடயம். 29 கிராம சேவகர் பிரிவுகளைக் கொண்ட வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது தொடர்பான இழுபறி 2019 ஜூனில் ஒரு பக்கம் உண்ணாவிரதமாகவும் மறுபக்கம் எதிர்ச் சத்தியாக்கிரகமாகவும் வெடித்தது. இதில் எந்தத் தரப்பு சரி என்று கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இரு சமூகத்தவரும் வீட்டுக்கு வீடு அயலவராக வாழும் ஒரு நிலத்தில், இரு தரப்பினரும் ஏற்றுக்கொள்ளும் ஒரே வரைபடமும் ஒரே எண்களும் மேசையில் இல்லாமல் பேச்சுவார்த்தை நடத்துவது வீண் என்பதை மாத்திரம் குறிப்பிடுகின்றோம்.

நுண்ணிய விபரங்களை வெளியிடுவதில் ஆபத்தும் உண்டு. 1983 ஜூலையில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடின என்பது பலரும் பதிவுசெய்த உண்மை. அந்த நினைவு உள்ளவர்களிடம் உங்கள் தெருவின் இன விபரத்தை வரைபடமாக்குவோம் என்று கூறினால் அவர்கள் அஞ்சுவர். அந்த அச்சம் நியாயமானதே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். அங்கு தொகைமதிப்பு முடிவுகளுக்கென்றே தனியான சிற்றலகுகள் வரையப்பட்டுள்ளன. 2021இல் அவற்றின் எண்ணிக்கை 188,880. எந்த அலகிலும் 40 வீடுகளுக்கும் 100 பேருக்கும் குறைவாக இருத்தலாகாது என்பது விதி. 2001இல் வரைந்த அலகுகளில் 2011இல் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவானவையே மாற்றப்பட்டன. மாறியவற்றுக்குப் பழையது எது, புதியது எது என்ற இணைப்பு அட்டவணையும் உண்டு. கோடுகளை எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம். அங்குள்ளதை அப்படியே இங்கு பெயர்த்து நடமுடியாது. அங்கு அஞ்சற் குறியீடு ஒரு தெருவின் சில வீடுகள் வரை இறங்குகிறது; எமது நாட்டில் ஓர் அஞ்சற் குறியீட்டுக்குள் பல கிராமங்கள் அடங்கிவிடும்.

எமது திணைக்களங்கள் செய்யக்கூடியது சிறிது எளிமையானது. 2012க்கும் 2024க்கும் இடையில் எந்தக் கிராம சேவகர் பிரிவு எந்தப் பிரதேச செயலகத்திற்கு மாறியது, எது எத்தனையாகப் பிரிந்தது, எந்த வர்த்தமானியின்படி அது நடந்தது என்ற பட்டியலொன்றை மும்மொழியிலும், கோடுகளின் தரவோடு சேர்த்து, ஒரே இடத்தில் வெளியிடலாம். தொகைமதிப்புக்காக உத்தியோகத்தர்கள் டெப் கணினிகளுடன் வீடு வீடாகச் சென்ற ஒரு நாட்டில் இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பாடசாலை அதிபரையோ ஒரு பள்ளிவாசல் நிருவாக சபையையோ அந்தப் பட்டியலைக் காட்டிக் கேள்வி கேட்கவிடாமல் தடுப்பது, மூன்று அலுவலகங்கள் ஒரு மேசையில் அமராததே.