வீட்டிலேயே கார்ன் டாக்... மாவு மாறினா ஊரே மாறும்!

ரீல்ஸ்ல ஒரு கடி கடிச்சதும் சீஸ் முழ நீளத்துக்கு இழுபடுமே, அந்தக் குச்சி ஸ்நாக்தான் கார்ன் டாக். குச்சியில் செருகின சாசேஜை மாவுல முக்கி எண்ணெயில் பொரிக்கணும். கிட்டத்தட்ட நம்ம பஜ்ஜி டெக்னிக்தான். ஊருக்கு ஊர் பெருசா மாறுறது மேல போர்த்துற மாவுதான். அந்த மாவைப் பிடிச்சுட்டா போதும், வெரைட்டி எல்லாம் உங்க கையில!

எங்கே பிறந்தது?

அமெரிக்காவில். முதல்ல செஞ்சது யாருன்னு பல ஊர்கள் சொந்தம் கொண்டாடுது. குச்சியில் செருகின உணவை மாவில் தோய்த்துப் பொரிக்கும் கருவிக்கு, பஃபலோ நகரத்து ஸ்டான்லி ஜென்கின்ஸ் 1927-ல் விண்ணப்பிச்சு, 1929-ல் காப்புரிமை வாங்கினார். டெக்சாஸ் மாநிலக் கண்காட்சியில் ஃப்ளெட்சர் சகோதரர்களோட 'கார்னி டாக்' ஃபேமஸ். 1946-ல் இல்லினாய்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் 'கோஸி டாக்' வந்துச்சு. கூட்டத்துல நடந்துகிட்டே ஒரு கையால சாப்பிட, குச்சி ரொம்ப வசதி!

என்னென்ன தேவை?

மஞ்சள் மக்காச்சோள மாவு 1 கப், மைதா 1 கப், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 1, பால் முக்கால் முதல் 1 கப், சிக்கன் சாசேஜ் 8, மரக்குச்சி 8, பொரிக்க எண்ணெய்.

கவனிங்க மக்களே... கடையில 'கார்ன்ஃப்ளார்'னு கேட்டா வெள்ளை ஸ்டார்ச்சைத்தான் கொடுப்பாங்க. அதுல சோள வாசமும் மெத்துனு இருக்கிற பதமும் வராது. மஞ்சள் மாவுன்னு கேட்டு வாங்குங்க.

எப்படிச் செய்யணும்?

* மாவுப் பொருட்களைக் கலந்து, முட்டையும் பாலும் ஊத்தி, பஜ்ஜி மாவைவிடக் கெட்டியா கரைங்க. 10 நிமிஷம் ஊறட்டும்.
* சாசேஜ்ல ஐஸ் முழுசா போகணும். ஈரம் இருந்தா மாவு வழுக்கும், எண்ணெயும் தெறிக்கும். துடைச்சுட்டு, குச்சியில் செருகி, மைதாவில் புரட்டுங்க.
* மாவை உயரமான டம்ளர்ல ஊத்தி, சாசேஜை நேரா இறக்கி எடுங்க. சுத்தி ஒரே சீரா ஒட்டும்.
* எண்ணெய் சூடு 175 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லையா? ஒரு துளி மாவு விட்டா உடனே மேல எழும்பணும், ஆனா கருகக் கூடாது. திருப்பித் திருப்பி 3, 4 நிமிஷம் பொரிச்சா பொன்னிறமா வந்துடும்.

ஊருக்கு ஊர் ஸ்டைல்

கொரியா: அங்கே இதுக்குப் பேரே 'ஹாட் டாக்'தான். மைதாவில் ஈஸ்ட், சர்க்கரை, உப்பு, வெதுவெதுப்பான தண்ணி சேர்த்து, கையில ஒட்டுற பதத்துக்குப் பிசைஞ்சு 1 மணி நேரம் பொங்க விடுங்க. பாதி சாசேஜ், பாதி மொசரெல்லா செருகி, மாவைச் சுத்தி, பிரெட் தூள்லயோ பொடியா நறுக்கின உருளைக்கிழங்குலயோ புரட்டிப் பொரிங்க. மேல சர்க்கரை தூவி, கெச்சப் ஊத்தினா... இனிப்பும் காரமுமா செம! சீஸை முன்னாடியே ஃப்ரீசர்ல வெச்சா எண்ணெயில் ஒழுகாது.

ஜப்பான்: 'அமெரிக்கன் டாக்'. கன்வீனியன்ஸ் ஸ்டோர்லயே கிடைக்கும். பான்கேக் மாதிரி இனிப்பான கோதுமை மாவு.

ஆஸ்திரேலியா: 'டேக்வுட் டாக்'. பொரிச்சதும் தக்காளி சாஸ்ல ஒரு முக்கு!

சைவமா? சாசேஜுக்குப் பதில் மொசரெல்லா இல்லன்னா பனீர், முட்டைக்குப் பதில் மோர்.

சாப்பிடுறதுக்கு முன்னாடி...

உருண்டையான சாசேஜ் துண்டு சின்னக் குழந்தைங்க தொண்டையை அடைச்சுடும். குச்சியை எடுத்துட்டு, நீளவாக்கில் கீறி, பொடியா நறுக்கிக் கொடுங்க. பொரிச்ச உடனே உருகின சீஸ் நாக்கைச் சுட்டுடும், கொஞ்சம் ஆறட்டும். சாசேஜ் மாதிரி பதப்படுத்தின இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2015-ல் சேர்த்திருக்கு. அதனால இது தினமும் சாப்பிடுற ஸ்நாக் இல்ல. எப்பவாவது, ஆளுக்கு ஒண்ணு போதும்!