ஐ.பி. முகவரியும் தனியுரிமையும்

ஐ.பி. முகவரி என்பது இணையத்தில் ஒரு கருவியையோ இணைப்பையோ அடையாளம் காட்டும் எண். அஞ்சலுறையில் பெறுநர், அனுப்புநர் முகவரிகள் இருப்பதுபோல, இணையத்தில் செல்லும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் இரண்டும் இருக்கும். அனுப்புநர் முகவரி இல்லாவிட்டால் நாம் கேட்ட பக்கம் நம்மிடம் வந்து சேராது. தனியுரிமைச் சிக்கலின் வேர் இதுவே.

தோற்றம்

வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை இம்முறைக்கு அடித்தளமிட்டது. ஐபிவி4 எனப்படும் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. 1983 சனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பு இதற்கு மாறியது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டனர். ஆகவே முகவரி இயந்திரத்தைக் காட்டியதே தவிர, ஆளைக் காட்டவில்லை.

பற்றாக்குறை

32 பிட் நீளமுள்ள ஐபிவி4இல் சுமார் 429 கோடி முகவரிகளே உண்டு. இவை போதாமல் போகும் என்பது 1990களில் தெளிவாயிற்று. 1994இல் 'நாட்' என்னும் முகவரி மாற்ற முறை முன்மொழியப்பட்டது. இதனால் ஒரு வீட்டின் கருவிகள் எல்லாம் ஒரே பொது முகவரியைப் பகிர முடிந்தது. பற்றாக்குறைக்காக வந்த ஏற்பாடு ஓரளவு மறைப்பாகவும் அமைந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று மைய இருப்பின் கடைசித் தொகுதிகளும் மண்டலப் பதிவகங்களுக்குப் பங்கிடப்பட்டன.

மாறாத அடையாளம்

அடுத்து வந்த ஐபிவி6 128 பிட் கொண்டது. அதன் தொடக்கக்கால முறையில், முகவரியின் பின்பாதி கருவியின் வன்பொருள் எண்ணிலிருந்து உருவாக்கப்பட்டது. மடிக்கணினியை வீட்டிலிருந்து கல்லூரிக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டு சென்றாலும் அப்பகுதி மாறாது. ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்க அதுவே போதும். இக்குறையைக் களைய, அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரி முறை 2001இல் வெளியிடப்பட்டது.

நீதிமன்றத்தில்

செருமனி அரசின் இணையதளங்கள் பார்வையாளர்களின் முகவரிகளைச் சேமித்ததை எதிர்த்து பாட்ரிக் பிரேயர் வழக்குத் தொடுத்தார். மாறும் ஐ.பி. முகவரியும், சேவை நிறுவனத்திடம் உள்ள தகவலைச் சட்டப்படி பெற்று ஆளை அறிய வழி இருந்தால், தனிப்பட்ட தரவே என்று 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதேவேளை, தளத்தைத் தாக்குதலிலிருந்து காப்பதற்காகச் சேமிக்கும் தேவையையும் அது ஏற்றுக்கொண்டது.

பாதுகாப்பு

ஐ.பி. முகவரி பொதுவாக ஊரையும் சேவை நிறுவனத்தையும் காட்டும். வீட்டு எண்ணைக் காட்டாது. உலாவியின் மறைநிலை முகவரியை மறைப்பதில்லை. 'எச்டிடிபிஎஸ்' உள்ளடக்கத்தை மறைக்கும், முகவரியை அன்று. விபிஎன் பயன்படுத்தினால் தளத்திற்கு நம் முகவரி தெரியாது. ஆனால் விபிஎன் நிறுவனத்திற்குத் தெரியும். இந்தியாவில் அந்நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு உத்தரவிட்டது. எனவே மாணவர்கள் எந்தக் கருவியையும் தேர்ந்தெடுக்குமுன் அது யாரிடமிருந்து மறைக்கிறது, யாரிடம் காட்டுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.