உப்பு வண்டி போன வழி: குன்றக்குடியிலிருந்து பழனி வரை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிக்குது.

ஆபீஸ் நண்பர்கள் சிலர் ஐரோப்பாவுக்கு ட்ரெக்கிங் போகத் திட்டம் போட்டாங்க. மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்துன்னு மூணு நாடு வழியாகப் போகிற பாதை. சுமார் 170 கிலோமீட்டர், பத்துப் பதினோரு நாள் நடை. கூட வழிகாட்டி கிடையாது. போன்ல மேப் இருக்கும், நாமளே நடந்துக்கணும். ராத்திரிக்கு மலைக் குடில்ல சோறும் படுக்கையும் கிடைக்கும், காலையில அடுத்த குடிலைப் பார்த்து நடக்கணும். காசு கட்டினா நம்ம பெட்டியை வேன்ல கொண்டு போய் இறக்கியும் வச்சிடுவாங்க.

ஆசையா இருந்துச்சு. செலவைக் கூட்டிப் பார்த்ததும் ஆசை கொஞ்சம் இறங்கிடுச்சு. அந்த வாரக் கடைசியில ஊருக்கு, அதாவது காரைக்குடிக்குப் போனப்போ அப்பத்தாகிட்ட இதைச் சொன்னேன். அப்பத்தா முழுசாக் கேட்டுட்டு ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "இதுக்கு எதுக்குடா அம்புட்டுத் தூரம் போகணும்? ஒங்க தாத்தா பழனிக்குப் போனதும் இதானே?"

முதல்ல சிரிச்சேன். அப்புறம் மேப்பைத் திறந்து பார்த்தேன். குன்றக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, சமுத்திராப்பட்டி, நத்தம், திண்டுக்கல் வழியா பழனி. சுமார் 160 கிலோமீட்டர். மோன் பிளாங்க்கோட கிட்டத்தட்ட அதே அளவு! கூட்டமாப் போனாலும் அவங்கவங்க காலை நம்பித்தான் நடை. ராத்திரிக்கு மடமோ சத்திரமோ உண்டு. மூட்டை முடிச்சு தனியா வண்டியில வரும். நம்ம ஊர்ல நூற்றாண்டுகளாக நடக்கிற விஷயத்தைத்தான் நான் யூரோவுல விலை கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

சரி, கதைக்கு வருவோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவங்க லட்சக்கணக்குல இருக்காங்க, தமிழ்நாட்டோட பல மூலைகள்லேருந்தும் போறாங்க. ஆனா செட்டிநாட்டு நகரத்தார் காவடிக்குத் தனி வரலாறு இருக்கு. தேவகோட்டை, காரைக்குடி பக்கத்து ஊர்கள்லேருந்து கிளம்பி, குன்றக்குடி சண்முகநாதர் மலைக்கு வந்து சேர்ந்து, அங்கேருந்து மேற்கே நடப்பாங்க. காவடி எடுத்தவங்க பழனியில வேண்டுதல் முடிச்ச கையோட பஸ் ஏற மாட்டாங்க, திரும்பி வர்றதும் நடந்துதான்னு ஒரு வழக்கம் இருக்கு.

இது எப்படித் தொடங்குச்சு? பக்தியில தொடங்கியிருக்கும்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஆனா கதையில முதல்ல வர்றது உப்பு.

டேவிட் ரட்னர்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர். நாட்டுக்கோட்டை நகரத்தார் பற்றி விரிவா ஆராய்ச்சி பண்ணவர். 1987-ல அவர் எழுதின ஒரு கட்டுரை, பழனி சம்பந்தமா நகரத்தார் வச்சிருந்த பழைய ஆவணங்களை எடுத்துப் பேசுது. 1600-களோட தொடக்கத்துக் கதை அது. குமரப்பன்னு ஒரு உப்பு வியாபாரி பழனிப் பக்கம் உப்பு விற்கப் போறார். கடற்கரையில மலிவாக் கிடைக்கிற உப்பு, கடலே இல்லாத உள்நாட்டுக்குப் போகப் போக விலை ஏறும். பழனியோ மலையடிவாரத்து ஊர், கொங்கு நாட்டுக்கும் மலையாளத்துக்கும் போகிற வழிகளை ஒட்டி இருக்கு. யாவாரிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

லாபத்துல ஒரு பங்கை அவர் பழனியாண்டவருக்கு ஒதுக்குறார். அதுக்குப் பேரு மகமை. பின்னாடி வந்த நகரத்தார் வியாபாரிகளும் அதே வழியில மகமை கொடுக்க, அந்தப் பணத்துல பூசை, அன்னதானம்னு வளருது. இங்கே ரட்னர் சொல்ற விஷயம் முக்கியம். கோயிலுக்குக் கொடுக்கிறதையும் வியாபாரத்தையும் அவர் தனித்தனியாப் பார்க்கலை. அசலூர்ல வந்து கடை போடுற ஒருத்தனை அந்த ஊர் எப்படி நம்பும்? ஊரே கும்பிடுற சாமிக்கு, ஊரே பார்க்க, வருஷா வருஷம் பங்கு கொடுக்கிறவனை நம்பும். இன்னைக்கு ஒரு ஆப்புல புதுசா ஒரு விற்பனையாளர் வந்தா ரேட்டிங் பார்க்கிறோம் இல்லையா? மகமைக்குள்ள அதுவும் அடங்கியிருந்துச்சு. அதனால பக்தி பொய்யாகிடாது. ரெண்டும் ஒரே மூட்டையில கட்டி ஒரே வண்டியில போச்சு, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கம் அதைவிடப் பழசு. போகிற வழியிலேயே, சிங்கம்புணரிக்குப் பக்கத்துல பிரான்மலை இருக்கு. பாரியோட பறம்பு மலைன்னு சொல்வாங்களே, அதேதான். அங்கே கோயில்ல 13-ஆம் நூற்றாண்டு வணிகர் கல்வெட்டு ஒண்ணு உண்டு. பல வணிகக் குழுக்கள் சேர்ந்து, கைமாறுகிற சரக்குல கோயிலுக்கு இவ்வளவுன்னு முடிவு பண்ணி வெட்டி வச்சது. உப்பு, நெல், பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பஞ்சு, யானை, குதிரைன்னு பட்டியல் நீளமாப் போகுது. நடந்து போகும்போது அந்த மலை ரொம்ப நேரம் கண்ணுலயே நிற்கும்.

இப்போ என்னை மாதிரி இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச ஒரு கேள்வி. ரெண்டு தங்கலுக்கு நடுவுல எவ்வளவு தூரம் இருக்கணும்னு யார் முடிவு பண்ணாங்க?

மாடுதான். பாரம் ஏத்தின மாட்டு வண்டி ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் போனாலே பெருசு. அதுக்கு மேல ஓட்டினா மறுநாள் மாடு எழுந்திருக்காது. அந்தத் தூரத்துல ஒரு கிணறு, ஒரு மரத்தோப்பு, தலை சாய்க்க ஒரு கூரை வேணும். மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் பேர் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் இன்னும் நிலைச்சிருக்குன்னா அதுக்குக் காரணம் இதுதான். சாலை மட்டும் போட்டா பாதி வேலைதான் முடிஞ்சிருக்கும், சத்திரமும் கட்டினாத்தான் அது வழி. நகரத்தார் பின்னாடி பர்மா, மலேயான்னு போனப்பவும் முருகனைக் கூடவே கொண்டு போனாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் அவங்க கட்டினது, 1859-ல குடமுழுக்கு ஆச்சு. இன்னைக்கும் அங்கே தைப்பூசக் காவடிகள் போய்ச் சேர்ற இடம் அதுதான்.

ஆல்ப்ஸ் மலைக் குடில்களோட கதையும் இதே மாதிரிதான். கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில 11-ஆம் நூற்றாண்டுலேருந்து துறவிகள் ஒரு சத்திரம் நடத்துறாங்க, வியாபாரிகளுக்கும் யாத்திரிகர்களுக்கும். மலை ஏறுறதை ஒரு பொழுதுபோக்கா ஆக்கினது ரொம்பப் பின்னாடி. 1857-ல லண்டன்ல ஆல்பைன் கிளப், 1863-ல சுவிஸ் ஆல்பைன் கிளப், அதே வருஷம் அவங்களோட முதல் குடில். அதாவது நம்ம வழி, அவங்க கிளப்புக்கு இருநூறு வருஷத்துக்கு மேல மூத்தது.

இந்த இடத்துல "பார்த்தீங்களா, நம்ம முன்னோர் அப்பவே..."ன்னு எபிசோடை முடிச்சா நல்லா வைரல் ஆகும். எனக்கும் ஆசைதான். ஆனா முடிக்க முடியலை. காரணம் என் தாத்தா.

அப்பத்தா சொன்ன வரியைத் திரும்பப் படிங்க. தாத்தா பழனிக்குப் போனார். ஆனா காவடி எடுத்துக்கிட்டுப் போகலை. நாங்க நகரத்தார் இல்லை. தாத்தா வண்டிக்காரர். யாத்திரை போகிற ஒரு வீட்டுக்காரங்களுக்கு அரிசி, பருப்பு, பாத்திரம், படுக்கையெல்லாம் ஏத்திக்கிட்டு வண்டி ஓட்டினவர். இன்னைக்கு ஆல்ப்ஸ்ல பெட்டி ஏத்துற வேன் டிரைவர்னு வச்சுக்கங்க.

நான் கேட்டேன், "மடத்துல எல்லாரும் தூங்கும்போது தாத்தா எங்க படுப்பாரு?"

அப்பத்தா, "வண்டிக்கு அடியில. மாட்டைத் தனியா விட்டுட்டு உள்ள போய்ப் படுக்க முடியுமா?"

அப்பா பக்கத்துலதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "உள்ள படுன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க"ன்னார்.

அப்பத்தா பதில் பேசலை. தாத்தா உயிரோட இல்லை, கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாது. ரெண்டுமே உண்மையா இருக்கலாம்.

ஒரு குடிலோட வரலாற்றை எழுதும்போது யார் கட்டினாங்க, எப்போ கட்டினாங்கன்னு எழுதுறோம். கதவு யாருக்குத் திறந்துச்சுங்கிற கேள்வி விட்டுப் போயிடுது. நம்ம ஊர்ச் சத்திரங்கள்ல பல இடத்துல சாதிக்கு ஒரு பந்தி, ஒரு இடம். சில பேருக்கு வாசலோட சரி. பெரிய கோயில்களே அப்படித்தானே இருந்துச்சு? பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில 1897-ல நாடார்கள் கோயிலுக்குள்ள போனதுக்கு வழக்கு நடந்து, லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், 1908-ல அவங்களுக்கு எதிராத் தீர்ப்பாச்சு. மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள வைத்தியநாத ஐயர் முன்னால நிற்க, ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைஞ்சது 1939 ஜூலை மாசம்தான்.

அதே நாடார்கள் என்ன பண்ணாங்க தெரியுமா? அவங்களும் மகமை வசூலிச்சாங்க. சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை மாதிரி ஊர்கள்ல அந்தப் பணத்துல பேட்டை கட்டினாங்க. வண்டியும் மாடும் சரக்கும் ராத்திரி பாதுகாப்பா நிற்க, சுற்றுச்சுவர் வச்ச சொந்த இடம். பின்னாடி அந்த மகமையிலேயே பள்ளிக்கூடங்களும் வந்துச்சு. ஒரே சொல், ஒரே முறை. ஒரு பக்கம் அது கோயில்ல மரியாதையைக் கொடுத்துச்சு. இன்னொரு பக்கம் கோயில் கதவு திறக்காதவங்களுக்கு வேற ஒரு கதவைக் கட்டிக் கொடுத்துச்சு.

ஐரோப்பாக்காரங்க மட்டும் யோக்கியம்னு நினைச்சுடாதீங்க. சுவிஸ் ஆல்பைன் கிளப் 1907-ல பெண்கள் உறுப்பினராக முடியாதுன்னு சொல்லிடுச்சு. பெண்கள் 1918-ல தனிச் சங்கம் ஆரம்பிச்சாங்க, ரெண்டும் ஒண்ணானது 1980-ல! ஜெர்மன்-ஆஸ்திரிய ஆல்பைன் கிளப் 1924-ல டோனாலாண்ட்ங்கிற கிளையை வெளியேத்துச்சு. அந்தக் கிளையில பெரும்பாலும் யூதர்கள் இருந்தாங்க, காரணம் அது மட்டும்தான். பனியில நடந்து வர்றவனுக்குக் கூரை கொடுக்கத்தான் குடில். அந்தக் கூரைக்குக் கீழேயும் ஆளைப் பார்த்துத்தான் இடம்.

மோன் பிளாங்க் போகலை. ரெண்டு வருஷம் முன்னாடி தைப்பூசத்துக்கு லீவு போட்டு பழனிக்கு நடந்தேன். பெரிய பக்தன்லாம் இல்லை. தாத்தா போன வழியைக் காலால பார்க்கணும்னு தோணுச்சு.

விடிகாலை மூணு மணிக்கு நடக்கத் தொடங்கி, வெயில் ஏறினதும் நிழல்ல ஒதுங்கி, சாயங்காலம் மறுபடி நடை. வழியெல்லாம் பந்தல் போட்டு மோர், சுக்குக் காபி, சாப்பாடு. யார், எந்த ஊர், என்ன சாதின்னு ஒருத்தரும் கேட்கலை. ரெண்டாம் நாள் சாயங்காலம் குதிகால்ல கொப்புளம் உடைஞ்சு, ரோட்டோரமா உட்கார்ந்துட்டேன். முன்னப் பின்னத் தெரியாத ஒரு அக்கா தேங்காய் எண்ணெயும் பழைய துணியும் கொடுத்து, "சாக்ஸைக் கழட்டிப் போட்டுட்டு மெதுவா வா தம்பி"ன்னாங்க. நத்தத்துலேருந்து திண்டுக்கல் போகும்போது சிறுமலை கூடவே வரும். அந்த ஒரு நாளைக்காகவே இந்த வழியை யாருக்கும் சொல்லுவேன்.

ஒரு ராத்திரி, பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு மண்டபத்துல இடம் கேட்டேன். உள்ளே தரையெல்லாம் ஆள். வாசல்ல இருந்த பெரியவர் ஒருத்தர் தன் பாயைச் சுருட்டி நகர்த்திக்கிட்டு, "இங்கன படு தம்பி"ன்னார். படுத்தேன். கால் வலியில தூக்கம் வரலை.

வெளியே எட்டிப் பார்த்தேன். சாமான் ஏத்தி வந்த ஒரு லாரி நின்னுச்சு. அதுக்கு அடியில, துண்டை விரிச்சு, டிரைவர் தூங்கிக்கிட்டு இருந்தார்.

உள்ளே கூப்பிடலாம்னு எழுந்தேன். அப்புறம், அவர் அவரா விரும்பித்தான் அங்கே படுத்திருக்காரா, லாரிக்குக் காவலா, இல்லை யாரும் கூப்பிடலையான்னு எனக்குத் தெரியலை. போய்க் கேட்டேன். "உள்ள இடம் இருக்கு அண்ணே, வாங்க."

கண்ணைத் திறந்து பார்த்தார். "வண்டியை யாரு பார்த்துக்கறது?"ன்னார். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, எழுந்து துண்டை உதறிக்கிட்டே கூட வந்தார். பெரியவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். மூணு பேரும் படுத்தோம். விடியறதுக்குள்ள டிரைவர் ரெண்டு தடவை எழுந்து போய் லாரியைப் பார்த்துட்டு வந்தார்.

ஊருக்குத் திரும்பினதும் அப்பத்தாகிட்டயும் அப்பாகிட்டயும் இதைச் சொன்னேன். "பார்த்தியா, வண்டியை விட்டுட்டு வர மனசு வராதுன்னு நான் சொல்லலை?"ன்னாங்க அப்பத்தா. "ஆனா கூப்பிட்டதும் வந்தார்ல?"ன்னார் அப்பா.

அடுத்த தைப்பூசத்துக்கு நடக்கிறதா இருந்தா ரெண்டே டிப்ஸ்தான். புதுச் செருப்பு போடாதீங்க. ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி, வெளியே யார் படுத்திருக்காங்கன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க.